சிரட்டைப்பூ

முன்னொரு தை மாதத்தில், மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒரு தேன்பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்காரர் தவமணி அதை ஒரு ஸ்டாண்டின் மேல் வைத்து, எறும்பு ஏறாமலிருக்க அடியில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து, "இனி உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கதையில் அவருக்கு அவ்வளவுதான் வேலை.

பெட்டியின் வாசலில் சொர்ணபாய் நின்றாள். சொர்ணபாய் ஒரு தேனீ. வெளியே போய் வருகிறவர்களிடமிருந்து தேனை வாயோடு வாயாக வாங்கி உள்ளே அனுப்புவது அவள் வேலை. வேலை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பதவி என்று சொல்ல வேண்டும்.

தேனீக்கு ஆயுளே ஒரு பூக்காலம்தானே, இவளுக்கு ஏது இத்தனை அனுபவம் என்று யாராவது கேட்கலாம். தேனீ பேசுவதை ஒத்துக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்தவர்கள் வயசில் மட்டும் தகராறு பண்ணுவது நியாயமில்லை.

பெட்டி கடலோரத்துத் தென்னந்தோப்பில் இருந்தபோதே சொர்ணபாய்க்கு நல்ல பேர். ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் போதும், எந்தப் பூ, எந்த மாசம், மரம் தண்ணீர் குடித்ததா தாகத்தில் நின்றதா என்பதுவரை சொல்லிவிடுவாள்.

"மார்கழியில இலவம். நெறைய குடுக்கும், ருசி மட்டு. தையில முந்திரியும் மாவும். மாம்பூவ நம்பி மட்டும் அடுப்பு மூட்டாதே, ஒரு மூடுபனி போதும், அத்தனையும் கருகிப் போவும். பங்குனியில வேம்பு. கசப்பு மரமாச்சேன்னு ஒதுங்கிப் போற மூதேவிக்கு வாயில மண்ணு, கேட்டியா? அதுக்கப்புறம் புளி. மழைக்காலத்துல தொட்டாச்சிணுங்கிதான் கதி. அது மகரந்த மாவுதான் தரும், தேன் கேட்டா இலைய மடக்கிட்டுப் படுத்துரும். தென்னைக்கு மட்டும் நாளும் கெடையாது கிழமையும் கெடையாது, வருசம் முழுக்கப் பாளை விரிக்கும், தங்கமான மரம்."

இப்படி அவள் பேச ஆரம்பித்தால் இளசுகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் பூவின் பேர், அப்புறம்தான் நாக்கு. பேர் சொல்லாத தேனை அவள் தொடமாட்டாள். இது வெறும் வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் ஒருத்தி வயிறு நிறைய ஏந்திக்கொண்டு வந்தாள். "எந்தப் பூட்டி?" என்றதற்கு அவள் திக்கினாள், திணறினாள். "போ அந்தப் பக்கம்" என்று சொர்ணபாய் விரட்டிவிட்டாள். வாசல் பலகையைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் சுருண்டு விழுந்து செத்தாள். மருந்தடித்த தோட்டத்துப் பூ. அன்றைக்கு அது உள்ளே போயிருந்தால் பெட்டியே சவக்கிடங்கு ஆகியிருக்கும். அன்றிலிருந்து சொர்ணபாயின் பேச்சுக்கு ராணியம்மாவே எதிர்ப்பேச்சு பேசுவதில்லை.

சரி, ரப்பர் தோட்டத்துக்கு வருவோம்.

வந்து இறங்கியவர்கள் முதல் நாளே நாலாபக்கமும் பறந்து பார்த்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் தளிர் விட்டு, வரிசை வரிசையாக நிற்கிறது. ஒரு பூ கிடையாது. கண்ணுக்கு எட்டினவரை ஒரு முருங்கை கிடையாது, ஒரு தும்பைச் செடி கிடையாது. போனவர்கள் எல்லாரும் காலி வயிற்றோடு திரும்பினார்கள். கடலோரத்திலிருந்து கொண்டு வந்த சேமிப்பும் தீர்ந்தது. உள்ளே அடையில் குஞ்சுகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டன. வாசலுக்கு வருவதற்கு முன் அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிற வேலையில்தான் சொர்ணபாய் இருந்தாள். அவற்றைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

ராணியம்மா எல்லாரையும் கூட்டினாள்.

"பொழுது சாயறதுக்குள்ள ஏதாவது வந்தா பாப்போம். இல்லேன்னா காலையில பெட்டிய விட்டுப் போயிருவோம். வேற வழியில்ல."

"குஞ்சுக?" என்றாள் சொர்ணபாய்.

"அதுகளத் தூக்கிட்டா பறக்க முடியும்? இங்கதான் கெடக்கும்."

சொர்ணபாய் வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வந்துவிடாதா என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

வந்தது. செல்லக்கனி என்று ஒருத்தி, ஓடியாடித் தேன் தேடுவதில் கெட்டிக்காரி, வயிறு புடைக்க வந்து பலகையில் இறங்கினாள். சொர்ணபாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

"எந்தப் பூட்டி?"

"பூ இல்லக்கா. இலை."

"என்னது?"

"இந்த ரப்பர்தான். மூணு இலை ஒண்ணா சேருதுல்லா, அந்தக் காம்பு முனையில துளித்துளியா நிக்கி. நக்கிப் பாத்தேன். தித்திப்புன்னா அப்பிடி ஒரு தித்திப்பு!"

"பூவே இல்லாம தேனா? நான் என்ன இளிச்சவாயா?"

"ஒருக்கா நாக்குல வச்சுப் பாருங்கக்கா."

"பேரு இல்லாதத நாக்குல வைக்க மாட்டேன். உள்ள பச்சப் புள்ளைக கெடக்கு. பூ பேரு சொல்லு, இல்லேன்னா எடத்த காலி பண்ணு."

செல்லக்கனி பெட்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் வந்தாள். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், அதே விரட்டு. மூன்றாவது முறை அவள் அழுதுவிட்டாள். வயிற்றில் தேன் இருக்கிறது, உள்ளே குஞ்சு பட்டினி கிடக்கிறது, நடுவில் ஒரு கேள்வி நிற்கிறது. யாருக்குத்தான் அழுகை வராது?

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. செல்லக்கனி சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே ஒரு ரப்பர் மரம். அதன் இடுப்பில் பால் பிடிக்க ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டியிருந்தார்கள்.

"சிரட்டைப்பூ!" என்று கத்தினாள்.

சொர்ணபாய் அப்படியே நின்றாள். சிரட்டைப்பூவா? இலவம் தெரியும், புளி தெரியும், பூந்திக்கொட்டை தெரியும். சிரட்டைப்பூ என்று ஒன்றை அவள் கேட்டதே இல்லை. கேட்டதில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் பின்னால் இளசுகள் ஒரு கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் பிளசி நின்றாள், சொர்ணபாய் இருமினால்கூட அதை மனப்பாடம் செய்கிற பெண்.

சொர்ணபாய் தொண்டையைச் செருமினாள்.

"சிரட்டைப்பூவா? தெரியாம என்ன! அத முதல்லயே சொல்லதுக்கு என்னட்டி, நாவு வலிக்கா? நல்ல பூல்லா அது!"

என்று சொல்லி வாயைத் திறந்து வாங்கினாள்.

நாக்கில் பட்டதும் அவளுக்குக் கண் சொருகியது. அப்படி ஒரு தெளிவான, சுத்தமான இனிப்பு. "ஓடுங்கட்டி, அடைக்குக் கொண்டு போங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே அதிர்ந்தது. செல்லக்கனி அடைமேல் ஏறி ஆட்டம் போட்டு வழி காட்டினாள். காட்டின திசையில் ஒரு படையே பறந்தது. இருட்டுவதற்குள் குஞ்சுகள் எல்லாம் வயிறார உண்டு அடங்கின. பெட்டியை விட்டுப் போகிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் சொர்ணபாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா?

மறுநாள் ராணியம்மா ஆசையாகக் கேட்டாள்: "சொர்ணம், அந்தப் பூ எப்பிடிட்டி இருக்கும்?"

"வட்டமா இருக்கும் ராணியம்மா. கிண்ணம் கணக்கா. வெளிய கறுப்பு, உள்ள வெள்ளை." தென்னந்தோப்பில் ஆட்கள் சிரட்டையைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறாளே தவிர, அதைக் கண்டதில்லை; பேரை வைத்து அவளே இட்டுக்கட்டினாள்.

"கிளையிலயா பூக்கும்?"

"அதுதான் அதுக்க விசேசமே! அடிமரத்துல ஒட்டிப் பூக்கும். தை பாதியில தொடங்கும், பங்குனி வரைக்கும் நிக்கும். நல்ல சாதிப் பூ. எங்க பழைய ஆளுகளுக்கெல்லாம் இதுதான் விருந்துச் சாப்பாடு."

நாளுக்கு நாள் பூவுக்கு இதழ் முளைத்தது, மணம் முளைத்தது. சிரட்டைப்பூவின் மணம் மழை விட்ட மறுநாள் காலையில் வருமாம், மூக்கு உள்ளவளுக்குத்தான் தெரியுமாம். இளசுகள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்து, "வருது அக்கா, வருது!" என்றன.

செல்லக்கனிக்கு உள்ளுக்குள் அரித்தது. புதிதாக வெளியே கிளம்புகிற பெண்களைப் பிடித்து, "பூ கீ ஒண்ணும் இல்லட்டி, தளிருக்க காம்பப் பாரு" என்று சொல்லிப் பார்த்தாள். "சொர்ணக்காவ விட நீ பெரிய ஆளோ?" என்று அவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். வாசலில் போய் உண்மையைச் சொல்லலாம் என்றால் பயம். மறுபடியும் வாசல் அடைத்துவிட்டால்? குஞ்சு நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவளும் அவள் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தவர்களும் இலைக்குப் போய்க் குடித்துவிட்டு, வாசலில் "சிரட்டைப்பூ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். தேன் வந்துகொண்டிருந்தது. தேன் வருகிற வீட்டில் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

தேனீக்கு வயசானால் வாசல் வேலையை விட்டு வெளிவேலைக்குப் போக வேண்டும். அது அவர்கள் வழக்கம். சொர்ணபாய்க்கும் அந்த நாள் வந்தது.

"சிரட்டைப்பூவப் பத்தி உன்ன மாதிரி தெரிஞ்சவ யாரு? போயி நெறையக் கொண்டு வாட்டி" என்று ராணியம்மா வாழ்த்தினாள்.

சொர்ணபாய் வாசலைப் பிளசியிடம் ஒப்படைத்தாள். "சட்டம் ஞாபகம் இருக்குல்லா?"

"பேரு முதல்ல, நாக்கு அப்புறம். கரைஞ்சு அழுதாலும் விடப்படாது."

"கொள்ளாம்" என்று மெச்சிவிட்டுப் பறந்தாள். இல்லாத பூவை எங்கே போய்த் தேடுவது?

முதல் மரத்தைச் சுற்றினாள், ஒன்றும் இல்லை. இரண்டாவது மரத்துக்குப் போனாள். திடீரென்று கண்ணில் பட்டது. அடிமரத்தில் ஒட்டி, வட்டமாக, கிண்ணம் போல, வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை.

அடடா! பொய் சொல்லிவிட்டோம், பொய் சொல்லிவிட்டோம் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தோமே, அத்தனையும் உண்மையல்லவா! தனக்கு இவ்வளவு ஞானம் இருப்பது தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. சிறகை ஒரு முறை சிலுப்பிவிட்டு, பெரிய மனுஷி வருகிற தோரணையில் சிரட்டையின் விளிம்பில் இறங்கினாள்.

உள்ளே ஏற்கனவே மூன்று பேர் இருந்தார்கள். அவளிடம் கதை கேட்ட இளசுகள்தான். முந்தைய நாள் பாலுக்காகப் பட்டை கீறின மரம் அது; பாலை எடுத்துக்கொண்டு போன பிறகும் சிரட்டையின் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடந்து பசையாக இறுகியிருந்தது. அதில் கால் புதைய நின்றார்கள்.

"அக்கா, வந்துட்டீங்களா!" என்றாள் ஒருத்தி. "நேத்து வந்தோம். தேன் இன்னும் ஊறல்ல. காத்துட்டு இருக்கோம்."

"காலு கொஞ்சம் ஒட்டுது" என்றாள் இன்னொருத்தி. "அது இந்தப் பூவுக்க குணமாக்கா?"

மூன்றாவது பெண் பேசவில்லை. அவள் சிறகும் பாலில் படிந்து கிடந்தது. சொர்ணபாய் அவளை இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை.

பாவி, என்ன காரியம் செய்தாய் என்று சொர்ணபாய் தன்னையே கேட்டுக்கொண்டாள். எட்டிப் பிடித்து இழுக்கலாம் என்று ஒரு காலை வைத்தாள். அந்தக் காலும் ஒட்டிக்கொண்டது.

"யாரு பிள்ளே அது, எனக்க சிரட்டைக்குள்ள?" என்று மேலேயிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. ரப்பர் மரம் பேசியது.

"ஐயா, காப்பாத்தும்! உம்ம பூவுக்குள்ள மாட்டிக்கிட்டோம்!"

"பூவா? எனக்கா? மாசி பிறக்கணும் பிள்ளே, அப்பதான் நான் பூக்கியது. அதுவும் சின்னதா, ஒருத்தர் கண்ணுலயும் படாது. இது எனக்க பால் பிடிக்க சிரட்டை. ஒரு சிரட்டையக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"

சொர்ணபாய் வாழ்நாளில் முதன்முறையாக, "தெரியாது ஐயா" என்றாள்.

மரம் ஒரு குலுக்கு குலுக்கியது. உதிராமல் மிச்சமிருந்த ஒரு பழுத்த இலை சுழன்று சுழன்று வந்து சிரட்டைக்குள் விழுந்தது. அதைப் பற்றிக்கொண்டு சொர்ணபாய் காலை உருவினாள். மற்ற இருவரையும் பாடுபட்டு இழுத்து இலைமேல் ஏற்றினாள். மூன்றாமவளை ஏற்ற முடியவில்லை. கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலேயே நின்றுவிட்டு மேலே பறந்தார்கள்.

"அப்போ நாங்க இத்தன நாளா குடிச்ச தேன் எங்க உள்ளது?" என்று சொர்ணபாய் கேட்டாள்.

"தேனா? என்கிட்டயா?" மரம் சிரித்தது. "என்னக் கீறிப் பாலுதான் எடுப்பாவ. தேனுன்னு யாரும் வந்ததில்ல. தளிர் விடுற சமயத்துல காம்பு முனையில மட்டும் என்னமோ கசியும். தை மாசத்து வெயிலுக்கு வேர்க்கியாக்கும்னு நினைச்சேன். உங்க ஆளுக வந்து நக்கிட்டுப் போவும்போது எனக்கு ஒரே வெக்கம்."

சொர்ணபாய் தளிரில் இறங்கினாள். மூன்று இலை சேருகிற இடத்தில் ஒரு துளி நின்றது. நாக்கில் வைத்தாள். அதே தெளிவு, அதே இனிப்பு. செல்லக்கனி முதல் நாளே சொன்ன அதே இடம்.

வயிறு நிறையக் குடித்தாள். அந்த இரண்டு பெண்களுக்கும் குடிக்கக் கொடுத்தாள். பிறகு மூன்று பேருமாகப் பெட்டியைப் பார்த்துப் பறந்தார்கள். போனதும் எல்லாரையும் கூட்டி உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். மானம் போனால் போகட்டும். இன்னொரு பெண் அந்தச் சிரட்டையில் இறங்கக் கூடாது.

வாசலில் பிளசி நின்றாள். நெஞ்சை நிமிர்த்தி, சொர்ணபாய் நிற்கிற மாதிரியே ஒரு காலைச் சாய்த்து நின்றாள்.

"எந்தப் பூக்கா?"

"பூ இல்லட்டி. இலை."

பிளசி கண்ணைச் சுருக்கினாள். அப்புறம் முகம் மலர்ந்தது. "அக்கா! என்ன சோதிச்சுப் பாக்கீங்க! நான் ஏமாறுவனா? பூவே இல்லாம தேனா? நான் என்ன இளிச்சவாயா?"

"சோதனையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! சிரட்டைப்பூன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நான் புளுகினேன். ரப்பருக்க இலைக்காம்புல உள்ள தேன் இது. ஒருக்கா நாக்குல வச்சுப் பாரு."

"பேரு இல்லாதத நாக்குல வைக்க மாட்டேன். உள்ள பச்சப் புள்ளைக கெடக்கு" என்றாள் பிளசி, ஒரு எழுத்து பிசகாமல்.

"நான் சொல்லேம்லாட்டி! அந்தச் சட்டத்தப் போட்டதே நான்தான்!"

"அதனாலதானக்கா விட மாட்டேன். நீங்களே வந்து கேட்டாலும் விடப்படாதுன்னா அதுதான சட்டம்?"

கூட வந்த இரண்டு பெண்களும் தலையாட்டிச் சாட்சி சொன்னதும் எடுபடவில்லை. சொர்ணபாய்க்குப் பிளசியை ஒரு கடி கடிக்கலாமா என்று இருந்தது. யாரைக் கடிப்பது? எதிரே நின்று பேசியது சொர்ணபாயின் சொந்த வாய்தான். பின்னால் தேனோடு வந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. உள்ளே குஞ்சுகள் கேட்கிற சத்தம் வாசல்வரை வந்தது. புதிதாகச் சிறகு முளைத்த பெண்கள் சிலர் பலகையில் வந்து நின்று, "அப்போ நாங்க சிரட்டைப்பூவுக்குக் கெளம்பட்டா?" என்று சிறகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையிலிருந்து செல்லக்கனி முன்னால் வந்து காதோடு சொன்னாள்: "அக்கா, பேரச் சொல்லிட்டு உள்ள வாங்க. இவகிட்ட உண்மை பேசினா பொழுது விடிஞ்சிரும்."

சிரட்டைப்பூ என்ற சொல் சொர்ணபாயின் நாக்குவரை வந்தது. சொன்னால் கதவு திறக்கும். சொன்னால் இந்தப் பெண்கள் நேரே சிரட்டைக்குப் போவார்கள். அந்தப் பேசாத மூன்றாமவள் கண்முன் வந்தாள். சொர்ணபாய் அந்தச் சொல்லை விழுங்கினாள். தலையை நிமிர்த்தி, சிறகு தட்டுகிற பெண்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"இலைப்பூ! ரப்பர் தளிருல, மூணு இலை சேருற எடத்துல பூக்கியது. சிரட்டைப்பூ காலம் முடிஞ்சு போச்சு, இனி ஒருத்தியும் அடிமரத்துப் பக்கம் போவப்படாது."

பிளசி பின்னால் நின்ற இளசுகளை ஒரு பார்வை பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"இலைப்பூவா? தெரியாம என்னக்கா!" என்று சொல்லி வாயைத் திறந்தாள். "அதுக்க நெறமே தனில்லா!"